அரசு செலவைக் குறைத்தால் எங்கள் அடுப்படியில் என்ன நடக்கும்?

2023 மார்ச் கடைசி, இலங்கையின் வடக்கில் எங்கள் ஊர். மீற்றர் வாசிக்கிற பெடியன் ஒழுங்கையால் போய் அரை மணித்தியாலம் இருக்காது, பக்கத்து வீட்டு ஆச்சி பில்லோடு எங்கள் படலையில் நின்றார். "தம்பி, இது என்ரை பில்தானோ? இல்லாட்டி அரிசி மில்காரன்ரை மாறி வந்திட்டுதோ?"

ஆச்சி தனியாக இருப்பவர். இரண்டு பல்ப், ஒரு ஃபான், பின்னேரம் கொஞ்ச நேரம் ரீவி. மாதம் 30 யூனிற்றைத் தாண்டமாட்டார். 2022 ஓகஸ்ட்டுக்கு முன் 30 யூனிற்றுக்கு வந்த பில் 105 ரூபா. யூனிற்றுக்கு இரண்டரை ரூபாப்படி 75, நிலையான கட்டணம் 30. அந்த ஓகஸ்ட்டில் அது 360 ஆனது. இப்போது கையில் இருந்த பில் 1,300. யூனிற் 30 ரூபா, நிலையான கட்டணம் 400.

பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பில் சரி. "அப்ப அரசாங்கம் செலவைக் குறைக்குதெண்டு ரேடியோவிலை சொன்னவங்கள்?" என்றார். அதுதான் ஆச்சி இது என்றேன். நம்பவில்லை. செலவைக் குறைக்கிறவன் பில்லைக் கூட்டுவானோ என்றுவிட்டுப் போனார்.

நான் உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறவன். இருபது வருடமாகப் பாதீட்டை, அதாவது அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஆச்சியின் கேள்விக்கு அன்று படலையில் நின்று ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். அதோடு, திரும்ப இப்படி ஒரு காலம் வந்தால் வீட்டுக்காசை எப்படி அடுக்கி வைப்பது என்றும்.

வெட்டு எங்கே விழும்

அரசு செலவைக் குறைக்கப் போகிறது என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது அமைச்சர்களின் வாகனமும் வெளிநாட்டுப் பயணமும்தான். அவையும் குறையட்டும், நல்லது. ஆனால் பெரிய காசு அங்கே கிடக்கவில்லை.

2022இல் இலங்கை அரசுக்குக் கிடைத்த வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கடன் வட்டிக்கே போனது. 100 ரூபா வந்தால் வட்டிக்காரன் வாசலில் நின்று 75க்கு மேல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். மிச்சத்தில்தான் சுமார் 14 இலட்சம் அரச ஊழியர்களின் சம்பளம், ஓய்வூதியம், ஆஸ்பத்திரி மருந்து, பள்ளிக்கூடம், வீதி, நிவாரணம் எல்லாம். மிச்சம் காணாது. காணாததற்கு மேலும் கடன்.

இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பது நீண்ட கதை. சுருக்கமாகச் சொன்னால், 2019 டிசெம்பரில் வற் வரியை (வாங்கும் பொருளின் விலையோடு சேர்கிற பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறக்கினார்கள். சம்பளத்தில் கழிக்கும் வரியையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த சில மாதத்தில் கொரோனா வந்து சுற்றுலாவைப் படுக்க வைத்தது. வெளியே யாரும் புதுக்கடன் தரவில்லை. டொலர் வற்றியது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தி வைக்கிறோம் என்று அரசு அறிவித்தது. 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத் திட்டமாகச் சுமார் 300 கோடி டொலருக்கு ஒப்புதல் கொடுத்தது. காசோடு நிபந்தனையும் வந்தது. வரி வருமானத்தைக் கூட்ட வேண்டும், மின்சாரத்தையும் எரிபொருளையும் அடக்கவிலைக்கு, அதாவது அவற்றுக்கு ஆகும் செலவுக்குக் கீழே விற்கக் கூடாது, இப்படிப் பல.

இனி வெட்டுகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். சம்பளத்தில் கை வைத்தால் அடுத்த நாளே வேலைநிறுத்தம். ஓய்வூதியத்தில் கை வைத்தால் வாக்கு போய்விடும். ஆகவே சத்தம் குறைவாக வரும் இடத்தில்தான் கத்தி முதலில் இறங்கும். அரைவாசியில் நிற்கிற வீதி வேலையை அப்படியே விடலாம். புதிதாக ஆள் எடுக்காமல் விடலாம். மேலதிக நேரக் கொடுப்பனவை நிறுத்தலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதுவரை தாங்கிக்கொண்டிருந்த நட்டத்தைத் தாங்குவதை விட்டுவிடலாம்.

ஆச்சியின் பில் இந்தக் கடைசி வகை. வீட்டு மின்கட்டணம் 2014க்குப் பிறகு ஏறவேயில்லை. அந்த எட்டு வருடமும் மின்சாரம் மலிவாக உற்பத்தியானது என்று அர்த்தமில்லை. விற்ற விலைக்கும் அடக்கவிலைக்கும் இடையிலான பள்ளத்தை அரசும் அரச வங்கிக் கடனும் நிரப்பிக்கொண்டிருந்தன. 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டியபோது அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலை எங்கள் கைக்கு வந்தது. அரசின் கொப்பியில் அதற்குப் பெயர் செலவுக் குறைப்பு. அதே காசு ஆச்சியின் கொப்பியில் செலவு என்று எழுதப்படுகிறது.

வரியும் இதே பள்ளத்தை நிரப்புகிற மற்றக் கைதான். 8 சதவீதமாக இருந்த வற், 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி முதலாம் திகதி 18. பதினைந்திலிருந்து பதினெட்டுக்கு என்றால் மூன்று சதவீதம்தானே என்று அப்போது பலர் சொன்னார்கள். முன்பு விலக்கில் இருந்த எரிபொருள், சமையல் எரிவாயு போன்றவையும் அன்றுதான் வரிக்குள் வந்தன என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

மூன்று அலை

ஒரு வீட்டுக்கு இது ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. அலை அலையாக வருகிறது. முதல் அலையைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விடுகிறவர்கள் இரண்டாவதில் அகப்படுகிறார்கள்.

முதலாவது விலை. அதை எல்லோரும் கண்டோம். 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஜூலையில் 4,910. வருடத் தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த குறைந்த பஸ் கட்டணம் அதே ஜூலையில் 40. இதில் ரூபா விழுந்ததன் பங்கும் உலகச் சந்தையின் பங்கும் உண்டு, எல்லாவற்றையும் செலவுக் குறைப்பின் தலையில் கட்ட முடியாது. ஆனால் மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. அது மானியம் போனதன் நேரடி விளைவு.

எங்கள் கரையில் சின்னப் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். ஒரு நாள் தொழிலுக்கு 25 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் 2,175 ரூபாவுக்குப் போன படகு அடுத்த நாள் 8,500 ரூபாவுக்குப் போக வேண்டும். மீன் விலை நான்கு மடங்காகவில்லை, வாங்குகிறவர்களிடமும் காசில்லை. சிலர் படகைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தார்கள். ஐஸ் போடுகிறவர், வலை பொத்துகிற பெண்கள், சந்தைக்கு மீன் ஏற்றுகிற ஓட்டோக்காரர் எல்லோருக்கும் வேலை குறைந்தது. மானியம் வெட்டப்பட்டது ஒருவருக்கு, வருமானம் குறைந்தது ஐந்து பேருக்கு.

இதுதான் இரண்டாவது அலை. விலை ஏறியது கண்ணுக்குத் தெரியும். வருமானம் குறைவது மெதுவாக, வேறு வேறு பெயரில் வரும். அரசு வீதி வேலையை நிறுத்தியது, பழைய பில்லுகளுக்கும் ஒப்பந்தகாரர்களுக்குக் காசு வரவில்லை. ஒப்பந்தகாரர் மேசனிடம் "அடுத்த கிழமை பார்ப்பம்" என்றார். மேசன் கடைக்காரரிடம் அதையே சொன்னார். கடைக்கொப்பியில் கணக்கு நீண்டது. கட்டுமானத் துறை 2022இலும் அதற்கு அடுத்த வருடமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப்படி சுருங்கியது. அரச உத்தியோகமே இல்லாத வீடுகளில்தான் இந்த அடி பலமாக விழுந்தது. "நாங்கள் அரசாங்கத்திட்டை சதம் வாங்கிறேல்லை, எங்களுக்கென்ன" என்று சொன்ன ஒரு மேசனை எனக்குத் தெரியும். அவர் கடைசியாகச் செய்த மூன்று வேலையும் மதகுக் கட்டு.

உத்தியோகக்காரருக்கும் நிம்மதி இருக்கவில்லை. 2022 தொடக்கத்தில் ஓய்வு பெறும் வயதை 65 ஆக்கினார்கள். அதே வருடம் முடிவதற்குள் 60க்கு இறக்கினார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோர் 2022 டிசெம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அறுபத்தொரு வயதில் இன்னும் நான்கு வருடச் சம்பளம் இருக்கிறது என்று நம்பி மகளின் கலியாணத்துக்கு லோன் எடுத்த ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. ஓய்வூதியம் வருகிறதுதான். ஆனால் தவணைக் காசு சம்பளத்தின் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை.

(ஓர் இடைக்குறிப்பு. 2022 ஜூனில் அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கினார்கள். தோட்டம் செய்யத் தெரிந்தவன் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கமாட்டான். எங்கள் வளவு முருங்கைக்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை, அது பாட்டுக்குக் காய்த்தது.)

மூன்றாவது அலை வட்டி. விலைவாசி எகிறும்போது மத்திய வங்கி வட்டியைக் கூட்டும். காசு வெளியே அலையாமல் வங்கிக்குள் போகட்டும் என்பதற்காக. 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டினார்கள். புதிதாகக் கடன் எடுக்கிறவருக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். மிதக்கும் வட்டியில், அதாவது சந்தையோடு ஏறி இறங்கும் வட்டியில் ஏற்கெனவே எடுத்த கடனும் மேலே போகும். 10 இலட்சம் ரூபா, பத்து வருடம், 12 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 14,350. அதே கடனுக்கு வட்டி 24 ஆனால் தவணை 22,000ஐத் தாண்டும். கடன் பத்திரத்தில் "சந்தை நிலைக்கேற்ப மாறும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்து வைக்கும் நாளில் யாரும் அதை வாசிப்பதில்லை. நானும் வாசிக்கவில்லை.

பணவீக்கம் குறைந்தது, பாண் விலை குறையவில்லை

வகுப்பிலும் வெளியிலும் அதிகம் பேர் இடறுகிற இடம் இது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. அதாவது முந்தின வருடம் 50,000 ரூபாவில் ஓடிய வீட்டுக்கு, அதே மாதிரி இருக்க இப்போது 85,000 வேண்டும். சம்பளம் 50,000லேயே நின்றால் அதன் வாங்கும் பலம் பழைய 29,000 ரூபா மாதிரி.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில், பணவீக்கம் 1.3 சதவீதம். பத்திரிகையில் தலைப்புச் செய்தி. ஆச்சி திரும்பவும் படலைக்கு வந்தார். "விலை குறைஞ்சிட்டுதாமே, கடைக்காரன் ஏன் குறைக்கேல்லை?" பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். வேகம் குறைந்தது, அவ்வளவுதான். 85,000 ஆன செலவு 86,000 ஆனது, 50,000க்குத் திரும்பவில்லை. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் "கொஞ்ச நாளில் பழையபடி வரும், அதுவரை கடன் வாங்கிச் சமாளிப்பம்" என்று இருந்தார்கள். பழையபடி வராது. புது விலைதான் இனி விலை என்று நினைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மின்சாரம் போல ஒன்றிரண்டு பின்னால் இறங்கின, அது உண்மை. 2024இல் இரண்டு தடவை, 2025 ஜனவரியில் இன்னொரு தடவை குறைத்தார்கள். பிறகு 2025 ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். இனி அது அடக்கவிலையோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் வீட்டுப் படலைகள்

இனி ஆயத்தம். முதல் வேலைக்கு ஒரு கொப்பியும் ஒரு பின்னேரமும் போதும். அரசின் காசு எந்தெந்தப் படலையால் உங்கள் வளவுக்குள் வருகிறது என்று எழுதுங்கள்.

நேராக வருவது: சம்பளம், ஓய்வூதியம், நிவாரணம். சுற்றி வருவது: அரச ஒப்பந்த வேலை, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கொடுக்கிற இடியப்பம், சம்பளக்காரர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ரியூஷன். பின்னதில் நானும் அடக்கம். 2022 கடைசியில் என் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக் கதிரை காலியானதும்தான் என் சம்பளமும் சுற்றி வருகிற அரச காசு என்று எனக்கே விளங்கியது. மூன்றாவது, காசாக வராமல் மலிவாக வருவது: மின்சாரம், மண்ணெண்ணெய், பஸ், ரெயில். நான்காவது, இலவசமாக வருவது. இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, துண்டை எழுதிக் கையில் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். மாதாமாதம் பிறஷர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் இலவசமாக எடுக்கிற வீட்டில், அவற்றை ஃபார்மஸியில் வாங்கினால் எவ்வளவு என்று இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு படலைக்கும் பக்கத்தில், அது ஆறு மாதம் அடைபட்டால் என்ன செய்வோம் என்று ஒரு வரி. வரி எழுத முடியாத படலைதான் உங்கள் வீட்டின் பலவீனம். ஆயத்தம் அங்கிருந்து தொடங்க வேண்டும். மேலே சொன்ன மேசன் இந்தக் கொப்பியை 2021இல் எழுதியிருந்தால், மதகுக் கட்டு மட்டும் பார்க்காமல் இரண்டு வீட்டு வேலையையும் கையில் வைத்திருப்பார்.

அடுத்தது, வெறுஞ்செலவு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. சாப்பாடு, பில், மருந்து, பள்ளிக்கூடம், தவணை. கலியாண மொய், நேர்த்தி, புதுச் சட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வருகிற தொகை. மூன்று மாத வெறுஞ்செலவு கையில் இருக்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். தினக்கூலி வீட்டில் போய் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும். இரண்டு கிழமைக்கு இருந்தால்கூட அது கடைக்கொப்பிக்கும் வட்டிக்காரருக்கும் இடையில் ஒரு வேலி. இரண்டு கிழமையில் தொடங்குங்கள்.

கடனில் எதை முதலில் அடைப்பது? பெரிய கடனை அல்ல, மோசமான கடனை. கிழமைத் தவணை கட்டுகிற நுண்நிதிக் கடன் எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பத்தைக் கசக்கியது என்று சொல்லத் தேவையில்லை. வருமானம் மாதத்துக்கு ஒரு தடவை வருகிற வீடு கிழமைக்கு ஒரு தடவை கட்டும் கடனை எடுக்கவே கூடாது. அதற்கடுத்தது மிதக்கும் வட்டிக் கடன். அடகு, என் கணிப்பில், அவசரத்துக்கு அவ்வளவு கெட்டதில்லை, நகை பெட்டிக்குள் சும்மா கிடப்பதற்கு அதுவாவது உதவட்டும். ஆனால் மீட்கிற திகதியைக் கலண்டரில் போடாமல் அடகு வைக்கிறவர் நகையை விற்கிறார், அவருக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறுவதற்கு முந்தின மாதமே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். மூன்று தவணை விட்டபிறகு போகிறவருக்குக் கிடைக்கும் கதிரையும் குரலும் வேறு.

சேமிப்பைப் பற்றி ஒரு விஷயம். 2022 கடைசியில் வங்கிகள் ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன, அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்குகிற திறைசேரி உண்டியலின் வட்டி 30ஐத் தாண்டியது. அந்த வட்டியை வைத்தே வீடு நடத்தியவர்கள் இருந்தார்கள். 2023 ஜூனிலிருந்து மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. 2024இல் வைப்பு வட்டி பத்துக்குக் கீழே வந்துவிட்டது. 10 இலட்சத்துக்கு வருடம் 2 இலட்சம் எடுத்தவர் புதுப்பித்தபோது 80,000 அளவில் நின்றார். நெருக்கடிக்கால வட்டி நெருக்கடியோடு போய்விடும். வைப்பை ஒரே துண்டாகப் போடாமல் நான்காகப் பிரித்து மூன்று மாத இடைவெளியில் முதிர்கிற மாதிரிப் போட்டால், வட்டி ஏறினாலும் இறங்கினாலும் முழுவதும் அகப்படாது, அவசரத்துக்கு ஒரு துண்டை மட்டும் உடைக்கலாம். உரிமம் பெற்ற வங்கி, நிதிக் கம்பனிகளில் போட்ட காசுக்கு ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான் வைப்புக் காப்புறுதி. அதற்கு மேல் இருப்பவர்கள் இரண்டு இடத்தில் போடுவது புத்தி. இதைவிடக் கூடுதலாக, மாதம் பத்து சதவீதம் தருகிறோம், இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கு நெருக்கடிக் காலம்தான் அறுவடைக் காலம். தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்ப்பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது, காசைக் கொடுக்குமுன் பாருங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். 2022இல் அமெரிக்க டொலர் 200இலிருந்து 360 ஆனபோது, வெளியிலிருந்து வந்த அதே நூறு அமெரிக்க டொலர் திடீரென்று 36,000 ரூபா. அந்தக் காசு வடக்கில் எத்தனையோ அடுப்பைக் காப்பாற்றியது. பிறகு டொலர் 300 பக்கம் இறங்கியது, விலைகள் இறங்கவில்லை. அனுப்புகிற பிள்ளைக்கும் அங்கே வாடகை ஏறியிருக்கும். அந்தப் படலையையும் கொப்பியில் எழுதத்தான் வேண்டும்.

அறுபத்தோராவது யூனிற்

பில்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தெரிந்தால் மாதாமாதம் காசு. 60 யூனிற்றுக்குள் இருக்கிற வீட்டுக்கு ஒரு கட்டணப் பட்டியல், அதைத் தாண்டுகிற வீட்டுக்கு வேறு பட்டியல். தாண்டினால் மேலதிக யூனிற்றுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் 60 யூனிற்றும் புது விலைக்கு மாறும், நிலையான கட்டணமும் ஏறும்.

2023 பெப்ரவரிக் கட்டணத்தில் போட்டுப் பாருங்கள். 60 யூனிற் என்றால், முதல் 30க்கு 900, அடுத்த 30க்கு யூனிற் 37 ரூபாப்படி 1,110, நிலையான கட்டணம் 550. மொத்தம் 2,560. 61 யூனிற் என்றால், எல்லாமே 42 ரூபாப்படி 2,562, நிலையான கட்டணம் 650. மொத்தம் 3,212. ஒரு யூனிற்றுக்கு 652 ரூபா. ஒருநாள் அயன் பண்ணின காசு. விலைகள் பிறகு மாறிவிட்டன, ஆனால் 60இல் உள்ள அந்தப் படி அப்படியே இருக்கிறது. ஆகவே மீற்றர் வாசித்த திகதியைக் குறித்து வைத்து, இருபதாவது நாள் ஒருதடவை நீங்களே மீற்றரைப் பாருங்கள். 40ஐத் தாண்டியிருந்தால் மிச்சப் பத்து நாளைக்குக் கை கொஞ்சம் இறுக வேண்டும்.

நிவாரணத்திலும் இப்படிச் சின்ன விஷயங்கள்தான் பெரிய காசு. 2023 ஜூலையில் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புது நிவாரணத் திட்டம் வந்தபோது குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. எந்த வகை என்பதை வீட்டு நிலையைப் பற்றிய 22 குறிகாட்டிகளைக் கொண்டு தீர்மானித்தார்கள். பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம் என்று ஒரு கடைசித் திகதி இருந்தது. தகுதி இருந்தும் அந்தத் திகதியைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஒருவருடைய அடையாள அட்டையில் பழைய விலாசம், இன்னொருவருக்கு வங்கிக் கணக்கு இல்லை. வெட்டு வரும் காலத்தில் அரசு உதவியை நிறுத்துவதைவிட, வடிகட்டுவதைத்தான் கூடுதலாகச் செய்யும். வடியில் நிற்பதற்குக் கடதாசி ஒழுங்காக இருக்க வேண்டும். கிராம சேவகரிடம் பதிவு, அடையாள அட்டை, பெயரில் ஒரு கணக்கு, பிறப்பு விவாகப் பத்திரங்களின் பிரதி, எல்லாம் ஒரு பைலில்.

எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழில் செய்கிற சாமானை விற்காதீர்கள். தையல் மெஷினையும் தண்ணீர் மோட்டரையும் விற்றவர்கள் ஆறு மாதம் கழித்து அவற்றை இரண்டு மடங்கு விலைக்குத் திரும்ப வாங்க முடியாமல் நின்றார்கள். பிள்ளையின் முட்டையை நிறுத்துவதற்கு முன் பெரியவர்களின் சீனித் தேத்தண்ணியை நிறுத்துங்கள். ஓஎல் எடுக்கிற பெடியனை வேலைக்கு அனுப்பிவிட்டு அடுத்த வருடம் படிக்கட்டும் என்று சொன்ன வீடுகளில் அடுத்த வருடம் வரவில்லை. மா, பருப்பு, சீனி ஒரு மாதத்துக்கு வாங்கி வைப்பது சரி. அதற்கு மேல் வாங்கிக் குவித்தவர்கள் கையிலிருந்த காசை வண்டுக்குக் கொடுத்தார்கள்.

வெட்டு வருகிறது என்பதை எப்படி முன்கூட்டியே அறிவது? பாதீட்டு உரை வழக்கமாக நவம்பரில் வரும். அதில் சம்பளத்தைப் பற்றிய பகுதியை மட்டும் கேட்டுவிட்டு ரேடியோவை நிறுத்தாமல், மூலதனச் செலவு, அதாவது வீதி, கட்டடம் போன்றவற்றுக்கு ஒதுக்கும் காசு, கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். கட்டட வேலையோடு தொடர்புள்ளவருக்கு அந்த ஓர் எண்தான் அடுத்த வருட வருமானம். மின்கட்டண மாற்றத்துக்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கும். அந்த அறிவித்தலைக் கண்டால் அடுத்து வருவது புதுப் பில். நாணய நிதியத்தின் மீளாய்வுக் குழு கொழும்புக்கு வந்து போன பிறகு வரும் அறிக்கையில் "அடக்கவிலை" என்ற சொல் இருந்தால், ஆச்சிக்கு நான் இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறேன். அவர் ஃபானை அன்றைக்கே நிறுத்திவிடுகிறார். அது கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொன்னாலும் கேட்பதில்லை.